ஏசி ஓடுனது எங்க ரூம்ல, பூஞ்சை பூத்தது அம்மா ரூம்ல

போன வருஷம் கார்த்திகை தீபத்துக்கு முந்தின நாள் அம்மா பீரோவுல இருந்து கூரைப்புடவையை எடுத்து மடியில வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பேசாம உட்கார்ந்திருந்தாங்க. அரக்கு கலர் பட்டு, மடிப்பு விழுந்த இடம் பூரா விபூதி தட்டின மாதிரி வெள்ளை வெள்ளையா புள்ளி. "பூசணம் பூத்திருக்குடா"னு மட்டும் சொன்னாங்க, திட்டல, அழல, அதுதான் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. யோசிச்சுப் பார்த்தா மூணு மாசமாவே அந்த ரூம்ல ஒரு வாடை, நனைஞ்ச சாக்கை மூலையில போட்டு மறந்துட்ட மாதிரி. பாத்ரூம் ட்ரெயினேஜ்னு ஒரு வாரம், எலி செத்திருக்கும்னு ஒரு வாரம், பையன் ஈரத்துண்டை கட்டில் மேல போடுறான்னு மீதி நாள் எல்லாம் சண்டை. அம்மாவுக்கு விடிகாலைல வர்ற இருமலை கிளைமேட்னு தள்ளி விட்டாச்சு. ரெண்டையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்க்கல.

அன்னைக்கு சாயங்காலம் நானும் பையனும் அந்த மரபீரோவை இழுத்தோம். பின்னாடி சுவர் முழுக்க கருப்பு. பீரோ எவ்வளவு அகலமோ எவ்வளவு உயரமோ அச்சு எடுத்த மாதிரி அதே சைஸுக்கு பூத்து நிக்குது, அதைத் தாண்டி ஒரு இஞ்ச் தள்ளிப் பார்த்தா சுவர் பளிச்சுனு இருக்கு. மேல் வீட்டு மாமி எட்டிப் பார்த்துட்டு "ஐயோ, கொரோனா டைம்ல வந்துச்சே கருப்பு பூஞ்சை, அதுவா"ன்னு கேட்டாங்க. 2021 மே மாசம் டிவியை திறந்தா அதுதானே. அது வேற மாமி, அந்த நோய்க்கு காரணமான பூஞ்சையே கருப்பு கிடையாது, அது தாக்கின சதை செத்து கருப்பாகுறதாலதான் அந்தப் பேரு, நம்ம சுவர்ல இருக்கிறது வீட்டுச் சுவர்ல சாதாரணமா வர்ற ஜாதின்னு ஒரு லெக்சர் அடிச்சேன். அடிச்சுட்டு நான் செஞ்ச முதல் காரியம் என்ன தெரியுமா, தென்னந்துடைப்பத்தை எடுத்து காய்ஞ்ச சுவரை பரபரன்னு தேய்ச்சேன். பூஞ்சையை உலர்வா தேய்க்கவே கூடாது, லட்சக்கணக்கான வித்து பொடியா பறந்து ரூம் பூரா போயி உட்காரும். செத்துப்போன வித்து கூட அலர்ஜியை கிளப்பும்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. அன்னைக்கு ராத்திரி அம்மா இருமின இருமலுக்கு நான்தான் காரணம்.

இயற்கை வைத்தியம்னு ஆரம்பிச்சேன்

எங்க வீட்ல கெமிக்கல்னா எல்லாருக்கும் ஒரு பயம். ப்ளீச் ஊத்தலாம்னு ஒய்ஃப் சொன்னப்போ அம்மா "அந்த நாத்தத்துல நான் எப்படி படுக்குறது"ன்னாங்க, நியாயம்தான். அதனால கிச்சன்ல இருந்தே ஆரம்பிச்சோம். வெள்ளை வினிகரை தண்ணி கலக்காம ஸ்ப்ரே பண்ணி ஒரு மணி நேரம் விட்டு ஈரத்துணியால துடைச்சேன். (வினிகர் அடிச்ச இடத்துல ப்ளீச்சை மட்டும் எந்தக் காலத்துலயும் ஊத்திடாதீங்க, குளோரின் வாயு கிளம்பும்.) ஒருத்தர் வீடியோல வினிகரோட சமையல் சோடாவையும் கலக்கச் சொல்றார், பொங்கி வரும், பார்க்க நல்லா இருக்கும், ஆனா அமிலமும் காரமும் ஒண்ணை ஒண்ணு தீர்த்துட்டு கடைசியில மிஞ்சுறது ஏறக்குறைய உப்புத்தண்ணிதான். வேப்பெண்ணெயும் தடவிப் பார்த்தேன். வேப்பெண்ணெய் வாடைல பூஞ்சை வாடை அடங்குச்சு, அது ஒண்ணுதான் லாபம், பெயிண்ட்ல எண்ணெய்க் கறை இன்னும் இருக்கு.

கல்லுப்பு விஷயம் தனியா சொல்லணும். கிண்ணத்துல கல்லுப்பு போட்டு பீரோவுக்குள்ள வை, ஈரத்தை எல்லாம் இழுத்துக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. வெச்சேன். மறுநாள் உப்பு கசிஞ்சு கிண்ணத்துல தண்ணி நின்னுச்சு, பயங்கர சந்தோஷம். அப்புறம்தான் விஷயம் புரிஞ்சுது. சாப்பாட்டு உப்பு காத்துல ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தை தாண்டினாத்தான் கசியும், அதுக்குக் கீழ சும்மா உட்கார்ந்திருக்கும். பூஞ்சை முளைக்கிறதுக்கு சுவர் ஓரத்துல 80 சதவீதம் கொஞ்ச நாள் நின்னா போதும். ஆக உப்பு ஈரத்தை தீர்க்கல, பீரோவுக்குள்ள நிலைமை மோசம்னு தகவல்தான் சொல்லுது. மழைக்காலத்துல கிச்சன் உப்பு ஜாடி தண்ணி விடுதுன்னா வீட்டுக்குள்ள காத்து எப்படி இருக்குன்னு காசில்லாம ஒரு மீட்டர் கிடைச்ச மாதிரி, அவ்வளவுதான்.

சாம்பிராணிதான் பெரிய பஞ்சாயத்து. அம்மா தினமும் சாயங்காலம் கதவைச் சாத்திட்டு அந்த ரூமுக்கு புகை போட ஆரம்பிச்சாங்க. வாசனை அருமையாத்தான் இருக்கும், ஆனா பூஞ்சைக்கு அது ஒரு விஷயமே இல்ல, இருமுற ஆளுக்கு மூடின ரூம்ல புகை இன்னும் கெடுதல். இதைச் சொன்னா "உங்க தாத்தா காலத்துல இருந்து போடுறோம்"னு பதில். தாத்தா வீட்டுல கதவு ஜன்னல் எல்லாம் திறந்தே கிடக்கும்மா, புகை வந்த வழியே போயிடும். கடைசியில வெள்ளிக்கிழமை மட்டும், ஹால்ல மட்டும்னு சமாதானம் ஆச்சு.

பத்து நாள் சுவர் சுத்தமா இருந்துச்சு. பன்னெண்டாவது நாள் டார்ச் அடிச்சுப் பார்த்தா மறுபடியும் சின்னச் சின்ன புள்ளி, கொத்துமல்லி விதை தூவின மாதிரி. அந்த வெறுப்புல இன்னொரு முட்டாள்தனமும் பண்ணேன். எங்க ரூம்ல ஓடுற ஏசியோட வாய்ல, காத்து வர்ற அந்த பட்டை ஓரமா, கருப்பா புள்ளி இருந்ததைப் பார்த்து அதுலேர்ந்துதான் எல்லாம் கிளம்புதுன்னு முடிவு பண்ணி ஃபில்டரை கழட்டி உள்ளே இருக்குற காயில் மேலயே வினிகரை அடிச்சு விட்டேன். சர்வீஸுக்கு வந்த மெக்கானிக் தம்பி மோந்து பார்த்துட்டு தலையில கை வெச்சுட்டார். "சார், உள்ள காப்பர் பைப்பு சார், ஊறுகாயா போடுறீங்க." அவர் சொன்னது உண்மைதான். வினிகர்ல இருக்குற மாதிரி அமிலங்கள் காப்பர்ல எறும்புப் புத்து மாதிரி கண்ணுக்குத் தெரியாத சுரங்கம் குடையும், கேஸ் லீக் ஆகும். ஆறு மாசம் கழிச்சு எங்களுக்கு கேஸ் இறங்குச்சு, அதனாலதான்னு நிரூபிக்க முடியாது, ஆனா ஒய்ஃப் நிரூபிச்சுட்டதாவே நினைக்கிறா. காயிலுக்கு வெறும் தண்ணி ஜெட் போதும், ஃபில்டரை ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை கழுவி நிழல்ல நல்லா காயவெச்சு மாட்டணும், ட்ரெயின் பைப் அடைப்பு இல்லாம இருக்கணும். தண்ணி ட்ரேல தேங்குனா அங்க வழுவழுன்னு ஒரு பாசி கட்டும் பாருங்க, அதைப் பத்தி சாப்பிடும்போது நினைக்காம இருக்கிறது நல்லது.

சப்பாத்தி சுத்துற ஃபாயில்

அடுத்தது காண்ட்ராக்டர். வந்தார், சுவரைத் தட்டினார், "ஓதம் சார், மிக்ஜாம் மழைல வெளிச்சுவர் ஊறியிருக்கும், பெருசா பண்ணணும்"னு 45,000 ரூபா சொன்னார். எங்க வீடு ரெண்டாவது மாடி, திருவான்மியூர்ல கடலுக்கு கிட்ட, 2023 டிசம்பர் மழைல இந்த ஏரியாவுல ஊறாத சுவர் எதுன்னு கேட்டா பதில் இல்ல, அதனால நானும் நம்பிட்டேன். அட்வான்ஸ் அனுப்ப ஃபோனை கையில எடுத்துட்டேன். அப்போதான் ஒரு சந்தேகம். பூஞ்சை பிடிச்ச சுவர் வெளிச்சுவரே இல்லையே. அது அம்மா ரூமுக்கும் எங்க ரூமுக்கும் நடுவுல இருக்குற நாலரை இஞ்ச் தடுப்புச் சுவர். அதுக்கு மழை எங்கிருந்து வரும்?

எங்கயோ படிச்ச ஒரு டெஸ்ட் ஞாபகம் வந்துச்சு. சப்பாத்தி சுத்தி வைக்கிற அலுமினிய ஃபாயிலை ஒரு சாண் அளவுக்கு வெட்டி, சுவர்ல நாலு பக்கமும் டேப் போட்டு காத்து போகாம ஒட்டணும். சுவருக்குள்ள இருந்து ஈரம் வந்தா ஃபாயிலோட பின்பக்கம் நனைஞ்சிருக்கும். ரூம் காத்துல இருக்குற ஈரம் சுவர்ல படியுதுன்னா முன்பக்கம் நனைஞ்சிருக்கும். பீரோவுக்குப் பின்னாடி ஒண்ணு, வெளிச்சுவர்ல ஒண்ணு ஒட்டிட்டு பீரோவை பழையபடி சுவரோட ஒட்டித் தள்ளிட்டு படுத்தேன்.

காலைல ஆறு மணிக்கு பீரோவை இழுத்தோம். வெளிச்சுவர் ஃபாயில் ரெண்டு பக்கமும் காய்ஞ்சிருக்கு. பீரோ பின்னாடி இருந்த ஃபாயிலோட முன்பக்கம் முத்து முத்தா தண்ணி. விரலால தொட்டா வழியுது. பிரிச்சு பின்பக்கம் பார்த்தா காஞ்ச சுவர். உள்ளங்கையை சுவர்ல வெச்சேன், சில்லுனு இருந்துச்சு, ஃப்ரிட்ஜுக்குள்ள இருந்த பாத்திரத்தைத் தொட்ட மாதிரி. எனக்கு அப்போதான் தலைல அடிச்ச மாதிரி இருந்துச்சு. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ராத்திரி பூரா எங்க ஏசி 20ல ஓடுது. மறுநாள் ராத்திரி வேணும்னே ஏசி போடாம புழுங்கிக்கிட்டு படுத்தோம், ஃபாயில் காய்ஞ்சிருந்தது. அதுக்கு மறுநாள் போட்டோம், நனைஞ்சிருந்தது. காண்ட்ராக்டருக்கு அப்புறம் சொல்றேன்னு மெசேஜ் அனுப்பிட்டேன், இன்னும் சொல்லல.

விஷயம் ரொம்ப சிம்பிள், ஐஸ் தண்ணி ஊத்தின டம்ளருக்கு வெளியில தண்ணி கோர்க்குதே அதேதான். பனிநிலைன்னு ஸ்கூல் புத்தகத்துல படிச்சிருப்போம். மழைக்காலத்து ராத்திரில அம்மா ரூம் 28 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம்னு வைங்க, அந்தக் காத்து சுமார் 24 டிகிரியோ அதுக்குக் கீழயோ இருக்குற எந்தப் பொருளைத் தொட்டாலும் தண்ணியா மாறும். நாலரை இஞ்ச் செங்கல் சுவர் குளிரைத் தடுக்காது. ஆனா சுவர் திறந்து கிடந்தா அம்மா ரூம் காத்து அதைத் தொட்டுத் தொட்டு கொஞ்சமாவது சூடாக்கும். நாம அது மேல பீரோவை அடைச்சு வெச்சிருக்கோம், பீரோவும் உள்ள இருக்குற துணியும் சேர்ந்து கம்பளி மாதிரி ரூம் சூட்டை சுவர்கிட்ட போக விடாது, ஈரக் காத்து மட்டும் இடுக்கு வழியா போயிடும். அதனாலதான் பீரோ சைஸுக்கு அச்சடிச்ச மாதிரி கருப்பு. எங்க ரூம் பக்கம் அதே சுவர்ல ஒரு புள்ளி இல்ல, ஏன்னா எங்க காத்துல இருந்த ஈரத்தை எல்லாம் ஏசி புழிஞ்சு வெளிய விட்டுடுது. அம்மா ஏசியே வேணாம், ஃபேன் போதும்னு சொன்னவங்க. கார்த்திகை மாசத்துல எங்களுக்கு எதுக்கு ஏசின்னு கேட்டா, கொசு. ஜன்னலைச் சாத்துறோம், சாத்தினதும் புழுங்குது, புழுங்குதுன்னு ஏசி போடுறோம்.

பெரிய ஏசி, ஈரக் குளிர்

ஏசியோட கதையே ஈரத்துல ஆரம்பிச்சதுதான்னு நிறைய பேருக்குத் தெரியாது. 1902ல நியூயார்க் புரூக்ளின்ல ஒரு அச்சகத்துக்காக வில்லிஸ் கேரியர் அதை டிசைன் பண்ணது மனுஷங்க குளிர்றதுக்கு இல்ல, கோடைக்கால ஈரத்துல பேப்பர் உப்பி கலர் மேல கலர் சரியா உட்காரலைங்கிறதுக்காக. நம்ம ஊர்ல அதே பிரச்சினைக்கு சிவகாசியோட வறண்ட காத்து இலவசமா தீர்வு குடுத்துச்சு, பிரஸ்ஸும் தீப்பெட்டியும் பட்டாசும் அங்க வேர் பிடிச்சதுக்கு அந்தக் காத்தும் ஒரு காரணம். சென்னைக்கு அந்த குடுப்பினை இல்ல.

ஆனா ஈரத்தை எடுக்கணும்னா ஏசி தொடர்ந்து ஓடணும். எங்க ரூம் 110 சதுர அடி, கடைக்காரர் "பெருசாவே எடுத்துக்கோங்க சார், சீக்கிரம் கூல் ஆகும்"னு 1.5 டன் தலையில கட்டினார். சீக்கிரம் கூல் ஆகுது, உண்மைதான், கூல் ஆனதும் கம்ப்ரஸர் நின்னுடும், காயில்ல ஒட்டியிருந்த தண்ணி ட்ரேல விழுறதுக்குள்ள ஃபேன் காத்து அதை திருப்பி ரூமுக்குள்ளயே அனுப்பிடும். அதனாலதான் சில வீட்டு ஏசி ரூம்ல சில்லுனும் இருக்கும், படுக்கை பிசுபிசுன்னும் இருக்கும், அந்தப் பிசுபிசுப்புக்கு நாம ரிமோட்ட இன்னும் ரெண்டு டிகிரி இறக்குவோம், சுவர் இன்னும் குளிரும். இந்தியாவுல 2020 ஜனவரில இருந்து ஸ்டார் போட்ட ரூம் ஏசி எல்லாம் ஆன் பண்ணா 24லதான் ஆரம்பிக்கணும்னு ரூல், கரண்ட் மிச்சத்துக்காக போட்டது, ஆனா எங்க அம்மா ரூம் சுவருக்கும் அது நல்லதுதான், நாங்கதான் ஆன் பண்ணதும் நாலு தடவை அமுக்கி 20க்கு கொண்டு வருவோம்.

ஒரு நாள் ட்ரெயின் பைப்பை பக்கெட்ல விட்டு வெச்சேன், காலைல ஏறக்குறைய 9 லிட்டர். அதைப் பார்த்த பிறகு கிண்ணத்து உப்பை நினைச்சு எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. ராத்திரிக்கு பக்கெட் கணக்குல தண்ணி சுத்துற வீட்டுல நான் ஸ்பூன் வெச்சு இறைச்சுக்கிட்டு இருந்திருக்கேன்.

இதை அம்மாகிட்ட விளக்கினப்போ அவங்க ஆச்சரியமே படல. "ஊறுகா ஜாடில ஈரக் கரண்டி விட்டுட்டு மேல எண்ணெய் ஊத்துனா சரியாயிடுமா"ன்னாங்க. அவ்வளவுதான் மேட்டர். நான் மூணு வாரமா பூஞ்சையைக் கொல்லப் பார்த்துக்கிட்டிருந்தேன், வித்து காத்துல எப்பவும் இருக்கத்தான் செய்யும், சென்னைல அதைத் துரத்த முடியாது. ஈரக் கரண்டி எங்க கையிலதான் இருந்துச்சு. இயற்கை முறைன்னா இலை, எண்ணெய், புகைன்னு நாம தேடுறோம், ஆனா வெயிலும் இடைவெளியும் எங்க லிஸ்ட்லயே இல்ல.

சுண்ணாம்பு தேடி அலைஞ்ச கதை

செஞ்சது இதுதான். ஏசியை 26ல வெச்சு கூடவே ஃபேன், முதல் ரெண்டு நாள் பையன் முனகினான், அப்புறம் மறந்துட்டான். பீரோவை வேற சுவருக்கு மாத்த இடமில்ல, அதனால அரை அடி முன்னாடி இழுத்து கீழ மரக்கட்டை குடுத்து அடியிலயும் பின்னாடியும் காத்து போற மாதிரி வெச்சாச்சு. காலைல ஏசியை நிறுத்தின கையோட ஜன்னலைத் திறக்குற பழக்கத்தை மழைக்காலத்துக்கு மட்டும் விட்டுட்டோம். காலைக் காத்து நல்லதுன்னு குளிர்ந்து கிடக்குற ரூமுக்குள்ள அதை விட்டா கண்ணாடி மேல ஆவி படியும், கண்ணாடில தெரியுது, சுவர்ல தெரியல, அவ்வளவுதான் வித்தியாசம். கொஞ்ச நேரம் ஏசியை வெறும் ஃபேன் மோட்ல ஓட விட்டா காயில் காயும், பத்து மணிக்கு மேல வெயில் ஏறி சுவர் சூடு திரும்பின பிறகு ஜன்னலைத் திறக்கிறோம். நானூறு ரூபாய்க்கு ஒரு ஈரப்பத மீட்டர் வாங்கி மாட்டினேன். வீட்டுக்குள்ள 60 சதவீதத்துக்கு கீழ வெச்சுக்கோன்னு அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லுது, ஐப்பசி கார்த்திகைல திருவான்மியூர்ல ஏசி இல்லாத ரூமுக்கு அது நடக்காத காரியம், எங்க அம்மா ரூம் மீட்டர் 80ஐ தாண்டி நிக்கிற நாள் நிறைய.

அதனாலதான் சுவரையே மாத்த வேண்டியதா போச்சு. காத்தை காய வைக்க முடியலேன்னா பூஞ்சைக்கு சோறாவது போடாம இருக்கலாமேன்னு. புட்டியும் எமல்ஷன் பெயிண்ட்டும் ஈரத்தைப் பிடிச்சு வெச்சு மேல படியுற தூசியையும் சேர்த்து அதுக்கு விருந்து வைக்கும். சுண்ணாம்பு அப்படி இல்ல, புதுசா அடிச்ச சுண்ணாம்போட காரத்துல பூஞ்சையால முளைக்க முடியாது, ஈரத்தையும் இழுத்து திருப்பி விடும். பெயிண்டர்கிட்ட சொன்னா "இப்போ யாரு சார் சுண்ணாம்பு அடிக்கிறா, கையெல்லாம் வெந்துடும்"னு ஓடிட்டார். ரெண்டாவது ஆளு வயசானவர், அவர்தான் ஒத்துக்கிட்டு கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைக்கிற கடையையும் சொன்னார், எமல்ஷன் மேல சுண்ணாம்பு நிக்காது, புட்டி வரைக்கும் சுரண்டி பூச்சு தெரியணும்னு ரெண்டு நாள் சுரண்டினார், தண்ணி தெளிச்சு தெளிச்சுத்தான் சுரண்டினார், என்னை மாதிரி துடைப்பத்தை எடுக்கல. ஊற வெச்சு வடிகட்டி, கொஞ்சம் நீலம் போட்டு மெல்லிசா மூணு கோட்டு. மொத்தம் 6,000 ரூபாய்க்குள்ள முடிஞ்சுது.

இதுலயும் ஒரு சிக்கல் இருக்கு, மறைக்கல. சுண்ணாம்பு காத்துல இருக்குற கரியமில வாயுவை இழுத்து மறுபடியும் சுண்ணாம்புக் கல்லாவே மாறிடும், மாறினதும் அந்த காரம் குறைஞ்சுடும். பொங்கலுக்குப் பொங்கல் ஏன் வெள்ளையடிச்சாங்கன்னு எனக்கு நாற்பத்தி நாலு வயசுலதான் புரிஞ்சுது. சாய்ஞ்சா சட்டைல ஒட்டும், ஒய்ஃபுக்கு அது சுத்தமா பிடிக்கல, அந்தச் சுவர் மட்டும் கிராமத்து ஸ்கூல் மாதிரி இருக்குங்கிறா. புடவையை வெயில் நேரா படாம நிழல் காத்துல ரெண்டு நாள் உலர்த்தி, மெல்லிசு பிரஷ்ஷால மொட்டை மாடில வெச்சுத் துடைச்சு, ட்ரை வாஷுக்கு குடுத்தோம். வெள்ளைப் புள்ளி போயிடுச்சு, ரெண்டு இடத்துல பழுப்பா கறை நின்னுடுச்சு. அம்மாவோட இருமல் கொஞ்சம் குறைஞ்சிருக்கு, பூஞ்சை போனதாலயா சாம்பிராணி போனதாலயான்னு எங்க வீட்டுல ரெண்டு கட்சி.

ஃபாயிலை மட்டும் கழட்டல. பீரோ பின்னாடி இப்போ கை நுழையுற இடம் இருக்கிறதால அம்மா தினமும் காலைல காபிக்கு முன்னாடி விரலை விட்டு தடவிப் பார்த்துட்டுத்தான் வருவாங்க. "காஞ்சிருக்கு"ன்னு ஒரு வார்த்தை, அப்புறம் டம்ளர். போன செவ்வாய்க்கிழமை காபியை வாங்கிக்காம எங்க ரூம் வாசல்ல வந்து நின்னாங்க. பையன் போர்வையை தலை வரைக்கும் இழுத்துக்கிட்டான்.

"நேத்து ராத்திரி யாருடா இருபதுல வெச்சது?"